நீலமேகத்துக்கு எழுதிய நாலு வரி

செய்யூர் சுற்றுவட்டாரத்தில் செத்தவர்களில் பாதிப் பேருக்குக் கடைசிக் கவிதை என்னுடையதுதான். அருணகிரியின் ஃப்ளெக்ஸ் கடைக்கு நான் வரி எழுதுகிறேன். காதுகுத்து, கல்யாணம் எல்லாம் உண்டு என்றாலும் கண்ணீர் அஞ்சலியில்தான் என் பேர் நின்றது. கருங்குழியிலிருந்துகூடத் தேடிக்கொண்டு வருவார்கள். சொந்தமாக இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டேன், ஒருத்தரும் படித்ததாகத் தெரியவில்லை. பேனரை மட்டும் ஊரே நின்று படித்தது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடப்பாக்கத்திலிருந்து சுதாகர் வந்தான். அவன் அக்கா புருஷன் நீலமேகம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடலுக்குப் போனவன். படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவனை வேறொரு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். நீலமேகத்தைக் காணவில்லை.

“மூணு நாளா சாந்தாக்கா கரையிலயே குந்திகினு கீது அண்ணாத்த. சோறு தண்ணி இல்ல. அழவும் மாட்டேங்குது. வந்துடுவாரு, தேடுங்கன்னு அதையே சொல்லிகினு கீது. கண்ணாயிரம் அண்ணாத்த எழுதுனா கல்லும் அழும்னு சொல்றாங்க. நீ எழுது. படிச்சா அழுதுடும். அழுதுட்டா ஆறிடும்.”

“உடம்பு கெடச்சிச்சா?”

“இன்னும் இல்ல. நாளைக்குப் பக்கத்துக் குப்பத்துப் படகுங்களும் தேட வருது. மூணு நாளாச்சே, இனிமே இன்னா இருக்கப் போவுது?”

ஒரு நாள் பொறு தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கல்லும் அழும் என்றானே, அதிலேயே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

வலையோடு போனவனே, கடலே உனக்கு வீடானதா?
வழி பார்த்து நிற்பவளுக்கு அலைதான் பதிலானதா?
கரையில் இன்னும் எத்தனை நாள் கண் பூத்துக் கிடப்பாய்?
அழுதுவிடு தாயே, அவன் இனி வரமாட்டான்.

கடைசி வரியில் எனக்கே கண் கலங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கண்ணீரிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

புதன்கிழமை காலை கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் பேனரைக் கட்டினார்கள். சுதாகர் அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய்க் கரையில் இருந்த சாந்தாவிடம் காட்டினான். கடலில் போனவனுக்கு உடம்பு கிடைக்காமல் அந்தக் குப்பங்களில் கண்ணீர் அஞ்சலி வைக்க மாட்டார்கள். வைத்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். நான் விவசாயக் குடும்பம்தான், ஆனாலும் எனக்கு இது தெரியும். சுதாகர் துக்கத்தில் மறந்தான். நான் பெருமையில் மறந்தேன்.

படகு இறக்கத் தயாராக இருந்த பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் பேனரைப் பார்த்துவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு துக்கம் கேட்க வந்தார்கள். வீட்டில் சாந்தா அலறிக்கொண்டிருந்தாள். நான் எழுதியது வேலை செய்துவிட்டது. அந்த நேரத்தில் உடம்பு எங்கே என்று யார் கேட்பது? செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் என்று அவரவரே நினைத்துக்கொண்டார்கள். கடப்பாக்கத்துப் படகுகள் அதுவரை அவள் முகத்துக்குப் பயந்துதான் போய்க்கொண்டிருந்தன. அவளே அழுதுவிட்ட பிறகு அவர்களும் கரையேறிவிட்டார்கள். பேனர் படம் வாட்ஸ்அப்பில் மாமல்லபுரம் வரை போனது. எத்தனை குரூப்பில் வந்தது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, மரக்காணம் பக்கம் மீன்பிடிக்கப் போன ஒரு படகு நீலமேகத்தைக் கொண்டுவந்தது. மிதப்பதற்காக இரண்டு காலி பிளாஸ்டிக் கேனை இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தான். உயிர் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

அதாவது, என் கவிதையை ஊரே படித்து அழுத இரண்டு நாளும் அவன் கேனைப் பிடித்துக்கொண்டு படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இதை நினைக்காமல் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

பத்து நாள் கழித்து சாந்தா கடைக்கு வந்தாள். கூடவே சுதாகர், தலை குனிந்தபடி. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எழுந்து நின்றேன். தூற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“நீதான் எழுதுனியாண்ணா?”

“ஆமாம்மா.”

“நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எழுதி வெச்சிட்டாங்களே, தெரியாமலா எழுதுவாங்கன்னு நம்பிட்டேன். அதப் பாத்துட்டுத்தான் கரைய வுட்டு எழுந்து வூட்டுக்குப் போனேன்.”

அவள் அருணகிரி பக்கம் திரும்பினாள்.

“பதினாறாம் நாளுக்கு வேற பேனரு அடிச்சிக் குடுண்ணா. பழைய பேனருல ஞாயித்துக்கெழம செத்துட்டாருன்னு போட்டுகீது. வியாழக்கெழம தேதி போடு. நாலு நாளு உசுரோட இருந்தாரு மனுசன். ஊருக்குத் தெரியட்டும்.”

அருணகிரி பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து தேதியை மாற்றினான். பிறகு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, “கீழ கவித?” என்று அவளிடம் கேட்டான்.

“வேணாண்ணா,” என்றாள் சாந்தா. “பேரும் தேதியும் போதும்.”