எதிர்வீட்டு மாமா முடித்த வாக்கியம்

1

இந்தக் கதை பெருமையில் பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெற்ற பெண்ணைப் பற்றி எழுதுகிற அம்மாவை எந்த வாசகரும் நம்பமாட்டார். அதனால் அடக்கமாகத் தொடங்கிப் பார்த்தேன்:

சின்ன விமானங்களின் எஞ்சினுக்குச் சைலன்சர் செய்கிற என் மகள்—

(வாக்கியம் ஏன் பாதியில் நிற்கிறதென்றால், அந்நேரம் பார்த்துப் பயிற்சி விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே போனது. எங்கள் தெருவில் யாரும் ஒரே மூச்சில் பேசி முடிப்பதில்லை. விமானம் வந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். கொஞ்சலானாலும் சண்டையானாலும் அப்படித்தான். பாதிச் சண்டை அந்த இடைவெளியில் ஆறிப்போய்விடும்.)

2

மகளை மருமகளாக்கி எழுதினேன். மருமகளைப் புகழ்ந்தால் பீற்றிக்கொள்கிறாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதிசயப்படுவார்கள். மகள் படித்துவிட்டு இரண்டே திருத்தம் சொன்னாள்: மருமகளை எடு; சைலன்சருக்கு நீ வைத்த ‘சத்தத்தை விழுங்கும் மாயப் பெட்டி’ என்ற பெயரையும் எடு.

“அது எதையும் விழுங்கலம்மா. வழியை அடைச்சா எஞ்சினுக்கு மூச்சு முட்டும், பலம் போயிடும். புகை தாராளமா வெளிய போகணும், சத்தம் மட்டும் தேயணும். அதுதான் வேலையே.”

அதற்காக நான்கு சிலிண்டர்களின் புகைக்குழாய்களையும் ஒரே நீளத்துக்கு வளைத்தாள். முன்னால் போகிற புகை பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் ஒரு பெட்டி, அதற்குள் பொடி ஓட்டைகள் போட்ட குழாய். முதல் பெட்டி சூட்டில் விரிசல் விட்டது. அடுத்தது கனம். கிராம் கிராமாகக் குறைத்தாள். என் சமையலறைத் தராசு இன்னும் அவள் பட்டறையில்தான் இருக்கிறது.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே. எதிர்வீட்டு மாமாவைப் போட்டேன். சத்தம் குறையாவிட்டால் விமானப் பயிற்சிப் பள்ளியை மூடவேண்டும் என்று நகரசபையில் புகார் கொடுத்தவர் அவர்தான். பள்ளி போனால் அதன் விமானங்களை நம்பியிருக்கும் மகளின் பட்டறையும் போகும். ஆனால் அவர் வீட்டில் கைக்குழந்தைப் பேத்தி இருக்கிறாள். அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை. மனிதர் வில்லனாக நிற்கமாட்டேன் என்கிறார்.

சரி, கேப்டன்? பள்ளியின் தலைமை விமானி. சைலன்சர் மாட்டிய முதல் நாள், ஒரே சுற்றில் விமானத்தை இறக்கிவிட்டார். எஞ்சின் பலம் போய்விட்டதாம், கழற்றச் சொன்னார். மகள் கருவிகளைக் காட்டினாள்: விமானம் முன்பைவிட வேகமாகத்தான் உயரம் ஏறியிருந்தது. மனிதர் இத்தனை வருடமும் காதால் ஓட்டியிருக்கிறார். அவர் மறுத்தால், சத்தம் குறைந்ததா என்று நகரசபை அளந்து பார்க்கவிருந்த சோதனையே நடக்காது.

“முள்ளு சரியாத்தான் காட்டுது. ஆனா அந்தச் சத்தம் இல்லாம எனக்கு ஓட்டத் தெரியலம்மா.”

“நான் பக்கத்துல உக்கார்றேன் கேப்டன். ஏறுற வேகத்தை வாயால சொல்லிக்கிட்டே வர்றேன். அதைக் கேட்டுக்கிட்டு ஓட்டுங்க.”

(இதை நான் எழுதவில்லை, அவளே சொன்னது. எனக்கு இத்தனை நல்ல வரி வராது.)

4

சோதனை நாளன்று நகரசபை அதிகாரி சத்தம் அளக்கும் மீட்டருடன் எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்றார். நானும் போயிருந்தேன். மாமா தன் புகாரைத் தொடங்கிய நேரம், விமானம் முழு வேகத்தில் எங்களை நோக்கி ஏறி வந்தது. உள்ளே என் மகள். பழக்கதோஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். மாமா மூடவில்லை.

“ஒரு மனுஷன் ஒரு வார்த்தை முழுசாப் பேச முடியல சார், குழந்தை கண்ணசந்தா உடனே எழுப்பிவிட்டுடறாங்க, இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு வேணும்னே விமானத்தை எடுக்காம வச்சிருக்காங்க பாருங்க.”

அதிகாரி மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை மட்டும் மேலே நீட்டினார். விமானம் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

(மகளின் குறிப்பு: முழு அமைதி என்று எழுதிவிடாதே. ப்ரொப்பல்லர் சத்தம் இருக்கத்தான் செய்யும்.)

5

நகரசபை என்ன முடிவெடுத்தது? ஒரு வரைவில் மாமா புகாரைத் திரும்பப் பெறுகிறார், இன்னொன்றில் பள்ளிக்குப் பூட்டு. இரண்டையும் எழுதிக் கிழித்துப் போட்டேன். கூட்டம் நாளைக்குத்தான். மாமாவும் பேசப்போகிறார். எழுந்து நின்று என்ன சொல்வார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. கேப்டனின் காது பழகும்வரை மகளும் கூடவே பறக்கிறாள். விமானம் இப்போது எங்கள் வீட்டுக்கு மேலே வந்துவிட்டது. நான் பேனாவை நிறுத்தப்போவதில்லை:

சின்ன விமானங்களின் எஞ்சினுக்குச் சைலன்சர் செய்கிற என் மகள் இதோ என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறாள்.