பெருநாள் கழியட்டும்

அண்டாவில் வெங்காயம் நிறம் மாறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சுல்ஃபத் அதைச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் கணவனின் அண்ணன் மனைவியான மெஹருன்னிசா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கரண்டியைச் சுழற்றுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னாள்.

"மச்சி, நீங்க உக்காருங்க, நான் கிளறுறேன். பெருநாள் கழிய இன்னும் ரெண்டு நாளுதானே? ஆப்பரேசன் பண்ணிக் கட்டியை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"எந்தக் கட்டி?"

சுல்ஃபத் சிரித்தபடியே திரும்பினாள். மெஹருன்னிசாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"உங்களுக்கு... வயித்துல... பெரியண்ணன் சொல்லலியா?"

கொச்சியில், மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மெஹருன்னிசாவின் கணவன் ரஷீதின் சாக்குக் கடைக்கு மேலே இருந்தது அந்த வீடு. அரிசிக் கிட்டங்கிகளில் காலியாகும் சாக்குகளை வாங்கி, தைத்து, மறுபடி விற்பது ரஷீதின் தொழில். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் குடும்பம் முழுக்க அங்கேதான் கூடும். ஏலூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் தம்பி முஹம்மது, மனைவி சுல்ஃபத்தோடும் பிள்ளைகளோடும் பஸ்ஸும் போட்டு என்கிற படகுமாக ஏறி வந்துவிடுவான். பாலக்காட்டிலிருந்து தங்கை பல்கீஸ் ஒரு படையோடு வந்து இறங்குவாள். மூத்தவன் வீடு என்றால் அதுதானே முறை. முறை ரஷீதுக்கு, வேலை மெஹருன்னிசாவுக்கு.

மூன்று மாதமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மாவு இடிக்கும்போது கண் இருட்டும். தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவாள். சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் பிடிவாதம் பிடித்தபிறகுதான் ரஷீது அவளை எர்ணாகுளத்துக்கு, ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். சோதனை முடிந்ததும், "நீ வெளியே காத்து வாங்கு, நான் மருந்து கேட்டுட்டு வர்றேன்" என்று அவளை வெளியே அனுப்பினான். திரும்பி வந்து, "ஒண்ணுமில்லை, ரத்தம் கம்மி, டானிக் குடிச்சாப் போதும்" என்றான். அன்றிலிருந்து அவள் அந்தச் சிவப்புத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். எப்போது வலி என்று சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "பெருநாள் கழியட்டும்."

"என்ன சொன்னாங்க டாக்டரு? முழுசாச் சொல்லு சுல்ஃபத்."

"கர்ப்பப்பையில கட்டின்னு... உடனே அட்மிட் ஆகணும்னு சொன்னாங்களாம். எடுத்துப் பார்த்தாத்தான் அது எந்த மாதிரிக் கட்டின்னு தெரியுமாம். எங்க வீட்டுக்காரருதான் எங்கிட்டச் சொன்னாங்க. நான் உங்களுக்குத் தெரியும்னே நெனச்சேன் மச்சி, படைச்சவன் மேல சத்தியமா."

"பல்கீஸுக்குத் தெரியுமா?"

சுல்ஃபத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மெஹருன்னிசாவுக்கு முதலில் பயம் வரவில்லை. ஏலூருக்குத் தெரிந்திருக்கிறது. பாலக்காட்டுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று ராத்திரி பல்கீஸ் பாயில் சாய்ந்துகொண்டு, "மச்சி கையால பத்திரி தின்னு எத்தனை நாளாச்சு" என்று கேட்டபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவளும் எழுந்து போய்ப் பத்திரிக்கு அரிசிமாவு பிசைந்தாள். திரைச்சீலைகளைத் துவைத்தது, பாய்களைக் கடைவாசல்வரை சுமந்து வெயிலில் போட்டது, அம்மியில் மசாலா அரைத்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் ரஷீது பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்தாள். அடுப்பிலிருந்து எரிகிற விறகுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போட்டாள். குடத்துத் தண்ணீரை அவற்றின் மேல் கவிழ்த்தாள். புகையும் சாம்பலும் சமையலறை முழுக்க எழுந்தன. பல்கீஸ் இருமிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, எந்தா பற்றியது? என்ன ஆச்சு? வெங்காயம்லாம் வீணாப் போச்சே!"

"போகட்டும்" என்றாள் மெஹருன்னிசா.

ஆண்கள் பெருநாள் தொழுகை முடிந்து வந்தபோது வீட்டில் அத்தர் வாசனையோடு புகை நாற்றமும் கலந்து நின்றது. ரஷீது புதுத் தொப்பியோடு, பெருநாள் வாழ்த்துச் சொல்லி முஸாபஹா செய்யக் கை நீட்டியபடி நுழைந்தான். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மனைவி வாசலை நோக்கி வருவதைக் கண்டு கையை மடக்கினான்.

"எங்கே கிளம்பிட்டே?"

"ஆசுபத்திரிக்கு."

"இன்னிக்கா? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"எனக்கு வயித்துல கட்டியாம். ஊரெல்லாம் சொல்லுது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

ரஷீது தம்பியைப் பார்த்தான். முஹம்மது மனைவியைப் பார்த்தான். சுல்ஃபத் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"மெஹரு, ஆளுங்க இருக்கும்போது சத்தம் போடாதே. உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னுதான் சொல்லலை."

"என்னைப் பயமுறுத்த வேண்டாம்னா? சோறாக்க ஆளில்லாமப் போயிரும்னு பயந்தது யாரு?"

"பெருநாள் கழிஞ்சதும் கூட்டிட்டுப் போறதாத்தானே இருந்தேன்!"

"அதுவரைக்கும் நான் இருப்பேன்னு உங்களுக்கு யாரு எழுதிக் கொடுத்தா?"

பல்கீஸ் குறுக்கே வந்தாள். "மச்சி, நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பேசலாமா? பிள்ளைங்க பசியோட நிக்குது."

"உனக்கு ரெண்டு கை இருக்கு பல்கீஸ். அடுப்பு அங்கேதான் இருக்கு. பத்த வை."

அவள் படியிறங்கினாள். ரஷீது மேலே நின்றபடி கத்தினான்: "போகட்டும், விடு. போட்டு ஜெட்டிவரைக்கும் போய்த் தலைசுத்தினாத் திரும்பி வருவா." அது அவள் காதில் விழுந்தது. அந்தச் சொல்தான் அவளைப் படகுத்துறைவரை நடத்திச் சென்றது. கடைகளெல்லாம் பெருநாளுக்குச் சாத்தியிருந்தன. பூட்டிய கதவுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். பின்னாலிருந்து யாரோ ஓடிவந்து கையைப் பற்றினார்கள். செருப்புக்கூடப் போடாமல் சுல்ஃபத்.

எர்ணாகுளம் போட்டில் புதுச்சட்டைப் பிள்ளைகளும் அவர்களை அடக்க முடியாத அம்மாக்களுமாகக் கூட்டம் நெரிந்தது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு மலையாளப் பெண் மெஹருன்னிசாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள். "இத்தா இவிடெ இரிக்கூ" என்று தன் இடத்தைக் கொடுத்தாள். யாரென்று தெரியாதவள் ஒரு பார்வையில் கண்டுகொண்டாளே என்று நினைத்தபடி மெஹருன்னிசா உட்கார்ந்தாள்.

போட்டு காயல் நடுவே இருந்த ஐலண்டைத் தாண்டும்போது சுல்ஃபத் அழுதாள்.

"அழாதே. எனக்கு உன் மேலயும் கோபம்தான்" என்றாள் மெஹருன்னிசா. "எனக்குத் தெரியும்னு நெனச்சியே, தெரிஞ்ச பொம்பளை இப்படி வேலை செய்றாளேன்னு ஒரு வார்த்தை கேட்டியா? நேத்து வந்ததுலேர்ந்து சாயா போட்டுக் கொடுத்தேனே, வாங்கித்தானே குடிச்சே?"

"தப்புதான் மச்சி."

"தப்புதான்."

இறங்கும்போது சுல்ஃபத் தன் முந்தானையை மெஹருன்னிசாவின் பின்பக்கம் மறைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். சேலையில் கறை பரவியிருந்தது.

டாக்டரம்மாவுக்கு அவளை நினைவிருந்தது. பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவியபடி மலையாளத்தில் பொரிந்தார். "அன்னு தன்னெ அட்மிட் ஆகணம்னு பறஞ்ஞதல்லே? இத்ர திவசம் எவிடெயாயிருந்நு?" அன்றே சேரச் சொன்னேனே, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று.

"அடுப்படியில" என்றாள் மெஹருன்னிசா.

ரத்தம் ஏற்றாமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். உறவுக்காரர்கள் ரத்தம் கொடுக்க வேண்டும். சுல்ஃபத் முதலில் கை நீட்டினாள். அவள் ரத்தம் சேரவில்லை.

மதியம் தாண்டி ரஷீதும் முஹம்மதுவும் வந்தார்கள். ரஷீதின் கையில் தூக்குவாளி இருந்தது. அதைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"பல்கீஸ் வெறும் நெய்ச்சோறு ஆக்கினா. குர்பானி இறைச்சிப் பங்கு வாங்க வந்தவங்கெல்லாம் உன்னைக் கேக்குறாங்க. என்ன சொல்ல? நல்ல நாள்ல என் மானமே போச்சு."

மெஹருன்னிசா எழுந்து உட்கார முயன்றாள். முடியவில்லை. படுத்தபடியே சொன்னாள்:

"உங்க மானம் நெய்ச்சோத்துல இருக்கு. என் உயிரு எதுல இருக்கு?"

அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். ரஷீது சுற்றிலும் பார்த்தான். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அவன் குரல் வேறாக இருந்தது.

"எங்கம்மாவையும் இப்படித்தான் கட்டின்னு கொண்டு போனாங்க. ஆப்பரேசனுக்குப் போனவங்க திரும்பி வரலை. டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு வேற எதுவும் ஓடலை மெஹரு. ஒரு பெருநாளாவது எல்லாரும் கூடி இருந்துட்டு..."

"கடைசிப் பெருநாளுன்னு முடிவு பண்ணிட்டீங்க."

ரஷீது தூக்குவாளியைக் கட்டிலடியில் தள்ளினான்.

"கடைசிப் பெருநாளா இருந்தா அதை நான் உக்காந்து கழிச்சிருப்பேன்ல? நம்ம பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்ல? அதுலயும் என்னை வெங்காயம் உரிக்க வச்சுட்டீங்க. பயம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கணும். ஏலூர்வரைக்கும் ஆள்விட்டுச் சொன்னீங்க, பக்கத்துல படுத்திருக்கிறவகிட்டச் சொல்லலை."

அவளுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து இருவரையும் வெளியே போகச் சொன்னாள். போகும்போது முஹம்மது, "மச்சி, என்னை மன்னிச்சிருங்க" என்றான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் தம்பி இருவருடைய ரத்தமும் சேர்ந்தது. ரஷீதுக்கு ஊசியைக் கண்டாலே நடுங்கும் என்பது அவளுக்குத் தெரியும். கொடுத்துவிட்டு வராந்தாவில் வெளிறிப்போய்ப் படுத்திருக்கிறான் என்று சுல்ஃபத் வந்து சொன்னாள். அதைக் கேட்டு மனம் இளகும் என்று அவள் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. மெஹருன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள். கொடுக்க வேண்டியதைத்தானே கொடுத்தான்?

ஆப்பரேசன் நன்றாக முடிந்தது. கட்டி கெட்ட கட்டியில்லை என்று பரிசோதனையில் தெரிந்தபோது ரஷீது வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதான். இன்னும் சில வாரம் தள்ளியிருந்தால் ரத்தம் போயே செத்திருப்பாள் என்று டாக்டரம்மா அவனிடம் நேராகச் சொன்னார். இந்த முறை மெஹருன்னிசாவையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

ஆசுபத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில் ரஷீது ஆட்டோ கொண்டுவந்தான். "போட்டு ஜெட்டிக்கு" என்றான் ஓட்டுநரிடம்.

"ஏலூருக்கு" என்றாள் மெஹருன்னிசா. "சுல்ஃபத் கூப்பிட்டிருக்கா. தையல் ஆறுறவரைக்கும் அங்கேதான். உங்க வீட்டுல எனக்கு நடந்து பழக்கமே தவிர படுத்துப் பழக்கமில்லை."

"கடையை விட்டுட்டு நான் பிள்ளைங்களை எப்படி..."

"எனக்குத் தெரியாது. பல்கீஸைக் கேளுங்க."

ஏலூரில் சுல்ஃபத்தின் சின்னக் குவார்ட்டர்ஸில் அவள் ஒன்றரை மாதம் படுத்திருந்தாள். சுல்ஃபத் கஞ்சியும் கப்பைக்கிழங்கும் மீன்குழம்புமாகக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ரஷீது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். சின்னவனின் சட்டையில் பொத்தான் மாறிப்போட்டிருந்தது. ரஷீதின் கையில் சூடுபட்ட தழும்பு ஏறியிருந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், எதையும் கேட்கவில்லை.

கடைசியாக வந்த அன்று அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டான்.

"இன்னும் கோபம் தீரலையா?"

"தீரலை."

"எப்பத் தீரும்?"

"அது எனக்கே தெரியலை. தீர்ந்தாத்தான் வருவேன்னும் நான் சொல்லலை. பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. ஞாயித்துக்கிழமை வர்றேன். ஆனா வர்ற பெருநாளுக்கு யாரையும் கூப்பிடக்கூடாது. வேணும்னா நாம பாலக்காட்டுக்குப் போவோம். பல்கீஸ் ஆக்கிப் போடட்டும்."

"அவ என்ன நெனப்பா?"

"நெனச்சுட்டுப் போறா."

ரஷீது தலையாட்டினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பிள்ளைகளைக் கிளப்பினான். மெஹருன்னிசா வாசல்வரை வந்து, சின்னவனை நிறுத்தி, பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். ரஷீது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.