கவர்னரின் மாமியார் வீட்டுக் கரண்ட்

இக்னாசியோ தைமங்லோ, பசிபிக் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான எங்கள் குவாம் தீவில் மின்கம்பம் ஏறும் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகு எங்கள் இனலஹான் ஊருக்கு மேயரானார், செனட்டுக்குப் போனார், ஒருவழியாகத் தேர்தலில் ஜெயித்துக் கவர்னரும் ஆனார். தீவே அவரை மதித்தது, மாமியார் என்கிராசியாவைத் தவிர. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அவள். "கம்பத்துல ஏறினப்ப ஒழுங்கா இருந்தான், நாற்காலியில ஏறினதும் கெட்டுப்போனான்" என்பாள்.

பதவிக்கு வந்த மறுவருஷம் பெரும்புயல் அடித்து, தீவு முழுக்க இருண்டுபோனது. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் தண்ணீர் பம்புகள், அப்புறம் ஜனம் நெருக்கமாக இருக்கும் ஊர்கள் என்று கவர்னர் உத்தரவு போட்டார். தெற்குக் கோடியில் கிடக்கும் எங்களுக்குக் கடைசி முறை.

என்கிராசியா மருமகனை ஃபோனில் பிடித்தாள்.

"இக்னாசியோ, ஃப்ரீசர்ல பன்னிக்கறி, மான் தொடை, இறால் எல்லாம் உருகிட்டிருக்கு. கரண்ட் எப்ப வரும்?"

"உங்க ஊர் முறை வரும்போது வரும்மா."

"நீதானே கவர்னர்?"

"அதனாலதாம்மா முடியாது."

"பொண்ணையே கொடுத்தேன். நீ ஒரு ஒயர் கொடுக்க மாட்டியா?"

ஃபோனை வைத்தவள், தெருவிலேயே அடுப்பு மூட்டி அத்தனை கறியையும் சுட்டாள். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். ஒவ்வொரு துண்டுக்கும் மருமகனுக்கு ஒரு திட்டு விழுந்தது.

சில நாள் கழித்து, நானும் என்கிராசியாவும் என் கார் ரேடியோவில் காலை நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவன் பேசினான்: "கவர்னரோட மாமியார் வீட்டுல மட்டும் ஏசி ஓடுதாம்!"

என்கிராசியா என் ஃபோனைப் பிடுங்கி ரேடியோ நிலையத்தைக் கூப்பிட்டாள்.

"எவன்டா அது ஏசின்னவன்? நான்தான் அந்த மாமியார். வந்து எனக்கு விசிறிவிடு, வா! கொசுவோட குடித்தனம் பண்றேன் இங்க. கல்நெஞ்சுக்காரன்டா என் மருமகன்! சொந்த மாமியாருக்கே ஒரு பல்ப் எரியவிடலை, வேற யாருக்குடா திருட்டுத்தனமா குடுக்கப்போறான்?"

அத்தனையும் அப்படியே ஒலிபரப்பானது; அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். சீரமைப்பு வேலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த இக்னாசியோ, இதை ரேடியோவில் கேட்டதும் காரை ஓரங்கட்டச் சொன்னாராம். கூட இருந்த அதிகாரி பயந்துபோய், "மறுப்பு ஏதாவது விடலாமா, சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"மறுப்பா? கல்யாணமான நாள்லேருந்து அந்தம்மா என்னைப் புகழ்ந்தது இன்னிக்குத்தான்யா!"

அதற்கப்புறம் வதந்தி எடுபடவில்லை. எங்கள் ஊருக்கும் முறைப்படியே வெளிச்சம் வந்தது. அடுத்த தேர்தலில், அதுவரை அவருக்கு ஓட்டே போடாத ஊர்கள்கூடப் போட்டன.

வெற்றி விருந்தில் பாட்டு தொடங்கியதும் என்கிராசியா மருமகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சா-சா நடனம் ஆடவைத்தாள். அவர் அவள் காலை மிதித்துக்கொண்டே இருந்தார். அவள் திட்டிக்கொண்டே ஆடினாள். பாட்டு முடிந்தும் அவர் கையை அவள் விடவில்லை.