நெஞ்சில் பூசியவை

துளசிராமுக்குத் தன் நெஞ்சை நினைத்தாலே குமட்டியது. பைபாஸ் முடிந்து பதினெட்டு நாளாகியும் அந்தத் தையலை அவர் ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. ஊரே பார்த்துவிட்டது.

நலம் விசாரிக்க வருபவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா? "சட்டையக் கொஞ்சம் அவுருங்க, பாப்போம்" என்பார்கள். இவரும் அவிழ்ப்பார். ஒருவர் கோயில் சந்தனத்தை இழுகுவார், இன்னொருவர் மஞ்சளைக் குழைத்து அப்புவார். வீடு தேடி வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது துளசிராம் வம்சத்திலேயே கிடையாது. மரியாதையாம், மண்ணாங்கட்டி!

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் பவதாரிணி படித்துப் படித்துச் சொன்னாள். "தினம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வேற எதையும் தடவாதீங்க. சீழ் வச்சா திரும்பப் பிரிக்க வேண்டியதாயிரும். அழுகை வரும், பயம் வரும். எல்லாருக்கும் வாறதுதான். அடக்காம வீட்ல சொல்லுங்க." மனைவி சூடாமணி தலையாட்டினாள். தண்ணீர் பட்டால் தையல் விட்டுவிடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்கும் அதே தலையைத்தான் ஆட்டினாள்.

இன்று காலை சட்டைக்குள்ளிருந்து ஊசிப்போன குழம்பு வாடை அடித்தது. துளசிராம் குளியலறைக் கண்ணாடி முன் நின்று முதன்முறையாகப் பார்த்தார். சந்தனமும் மஞ்சளும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. அடியில் ஈரம். "ச்சீ!" என்றார். இது மனிதன் நெஞ்சா, எச்சில் தொட்டியா? சோப்பை நுரைத்துக் கழுவக் கழுவ, அடக்க முடியாமல் அழுகை வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், எதிர்வீட்டுச் சோணையம்மாள் உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, எங்க உசிலம்பட்டிப் பச்சிலை எண்ணெய். எம்புட்டுப் பெரிய வெட்டா இருந்தாலும் மூணே நாள்ல கூடிரும்." அதற்குள் விரலை எண்ணெயில் முக்கிவிட்டாள்.

"வேண்டாம்னா மனசு கஷ்டப்படும், பேசாம இருங்க" என்று சூடாமணி தங்கள் சௌராஷ்டிர மொழியில் கிசுகிசுத்தபடியே அவருடைய பொத்தானை அவிழ்த்தாள்.

துளசிராம் அவள் கையைத் தட்டிவிட்டார். சோணையம்மாளுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கத்தினார். "யாரும் தொடாதீங்க! எனக்கே அருவருப்பா இருக்கு. திரும்பப் பிரிச்சா செத்துருவேன். பயமா இருக்கு!"

சோணையம்மாள் முகம் சுண்டிப்போனது. எண்ணெய் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். போகட்டும் என்றிருந்தது அவருக்கு.

சூடாமணி சட்டையை விலக்கிப் பார்த்தாள். தையலின் அடிமுனையில் மஞ்சளாகக் கசிந்தது. அவளுக்கும் குமட்டியது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நானும்தான் பயந்து சாகுறேன்" என்றாள். "கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."