ஒன்பதாம் கூண்டின் எடை

திருவொற்றியூரில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி. அங்கே சோதனைக்கு வைத்திருக்கும் எலிகளையும் முயல்களையும் ஒழுங்காகக் கவனிக்கிறார்களா என்று பார்க்க ஒரு கமிட்டி உண்டு. அதில் விஞ்ஞானம் படிக்காத வெளியாள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. அந்த வெளியாள் நான், பஷீர். சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம்.

அன்றைக்குக் கமிட்டிக்குப் பயிற்சி. காலையிலிருந்து பயிற்சியாளர் வில்சன் ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டிக்கொண்டிருந்தார். கருணை, பொறுப்பு, நெறிமுறை. அடேங்கப்பா, எத்தனை நல்ல வார்த்தை! ஏசி குளிரில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். எனக்கு ஒரே ஒரு ஸ்லைடுதான் மண்டையில் ஏறியது. எலி இருபது சதவீதம் எடை குறைந்துவிட்டால் அதற்கு மேல் வதைக்கக் கூடாது. சோதனையை நிறுத்தி, வலியில்லாமல் உயிரை முடித்துவிட வேண்டும்.

டீ இடைவேளையில் பச்சையம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். எலிகளுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, வாராவாரம் எடை போடுகிறவள் அவள்தான். அவளுக்குப் பயிற்சி கிடையாது. உறுப்பினர் இல்லையாம். எலியைத் தினமும் கையில் எடுக்கிறவள் வெளியே, நாங்கள் உள்ளே. நல்ல நியாயம்!

"பாய், ஒம்போதாம் கூண்டு எலி தீனிய மோந்துகூட பாக்க மாட்டேங்குது. மூலையில குந்திக்கினு கண்ண மூடிக்கினே கீது. யாராண்ட சொன்னாலும் கணக்கு சரியா கீதுன்றாங்கோ."

"எடை எழுதுற சார்ட்டக் கொண்டாம்மா."

முதல் நாள் 250 கிராம். அப்புறம் வாராவாரம் 222, 200, அன்று காலை 182. பக்கத்தில் இழப்பு: பதினொன்று, பத்து, ஒன்பது சதவீதம். இருபதைத் தொடவில்லை, அதனால் மூன்றுக்கும் 'சரி'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வாரமும் போன வார எடையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்! லாரியில் வழிநெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பி காணாமல் போனால், நாங்கள் லோடு ஏற்றிய எடையோடுதான் ஒப்பிடுவோம். கடைசியாக நின்ற இடத்து எடையோடு எந்த மடையன் ஒப்பிடுவான்?

ஹாலுக்குள் போய் சார்ட்டை மேசைமேல் போட்டேன். வில்சன் கூட்டிக் கழித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இருபத்தேழு சதவீதம் போயிடுச்சு" என்றார். "ஆனா ஃபார்ம்லயே போன வார எடைக்குத்தான் கட்டம் இருக்கு சார்."

கமிட்டித் தலைவர் சுப்பராயன் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லா கண்டுபிடிச்சீங்க பாய். அடுத்த சோதனையிலேர்ந்து மாத்திடலாம். இது வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும். இன்னும் மூணே நாள்."

"அந்த மூணு நாள் உங்களுக்கா சார், அதுக்கா? இன்னா பேஜாரு இது! காலைலேர்ந்து கருணை கருணைன்னு பாடம் நடத்துனீங்களே! அத இப்பவே முடிக்கலன்னா நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன். வெளியாள் இல்லாம கூட்டத்த நீங்களே நடத்திக்கோங்க."

அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் சுப்பராயன் கையை உதறிவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார். எனக்கு ஜெயித்த மாதிரித்தான் இருந்தது.

கீழே எலிகள் இருந்த அறையில் பச்சையம்மா அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். முதுகெலும்பு தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு தெரிந்தது. ஊசி போட்டதும் ஒரு நிமிஷத்தில் அடங்கிப்போனது. அவள் அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மருத்துவர் ஆய்வுப் பதிவேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பக்கத்தின் மேலேயே போன வாரப் பதிவு. கமிட்டி சுற்றிப் பார்த்த நாள். 'ஒன்பதாம் கூண்டு, 200 கிராம், சரி.' கீழே நாலு கையெழுத்து. கடைசிக் கையெழுத்து என்னுடையது.

200 என்றால் சரியாக இருபது சதவீதம். அன்றைக்கே முடித்திருக்க வேண்டும்.

"அன்னிக்கும் உன்னாண்டதான் பாய் சொன்னேன்" என்றாள் பச்சையம்மா. கோபமே இல்லாமல் சொன்னாள். "நீ போன்ல எவனையோ திட்டிக்கினே கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ட்ட."