கை தூக்கும் சட்டம்

டயர் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கூரை அறையில் இருபது வருடங்களாக அந்த பங்க் ராக் குழு பயிற்சி செய்துவந்தது. ஆரம்பித்த நால்வரில் மிச்சமிருந்தவன் பேஸ் கிட்டார் வாசிப்பவன் மட்டும். மற்ற மூன்று இடங்களிலும் வந்தவர்கள், போனவர்கள் பெயர்கூட அவனுக்குச் சரியாக நினைவில்லை.

எல்லாம் அவனே போட்ட சட்டத்தின் வேலை. பங்க் ராக்கில் தலைவன் ஏது? யாரையாவது நீக்க வேண்டுமா, கை தூக்கு. சம்பந்தப்பட்ட ஆளுக்கும் ஓட்டு உண்டு. சரிபாதியாக நின்றால் நீக்கம் இல்லை. அந்தச் சட்டத்தில் முதலில் வெளியே போனது, டிரம்ஸ் வாசித்த அவன் தம்பிதான். குழந்தைக்கு வலிப்பு வந்து ஒரு நிகழ்ச்சிக்கு வராமல்போனவன், “ஒரு நிமிஷம் நான் சொல்றத கேளுண்ணா” என்று கெஞ்சினான். அண்ணன்காரன் கேட்கவில்லை. முதலில் உயர்ந்த கையே அவனுடையது. தம்பி இன்றுவரை பேசவில்லை.

இப்போது பேஸ் வாசிக்கும் அண்ணனுக்குக் காது போய்விட்டது. பகலெல்லாம் வேலை பார்க்கும் பட்டறையின் சத்தம், சாயங்காலம் ஆளுயர ஸ்பீக்கர். காது என்ன இரும்பா? யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் நீக்கிவிடுவார்கள், இந்த அறையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது. பெரிய டிரம்மை மிதிக்கும் டிரம்ஸ்காரனின் வலது காலைப் பார்த்தே தாளம் பிடித்துக் காலத்தை ஓட்டினான். அப்படியும் போன இரண்டு நிகழ்ச்சிகளில் தாளம் தப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் குனிந்து கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது பாடகியின் கை மேலே இருந்தது. கிட்டார்காரன் கையும் மேலே. டிரம்ஸ்காரன் மட்டும் கைகளை மடியில் வைத்துத் தலைகுனிந்திருந்தான். ஐயோ, இவனையா நீக்குகிறார்கள்! இவன் போனால் யார் காலைப் பார்த்து வாசிப்பது? ஆனால் மறுத்தால் காரணம் கேட்பார்கள், அது அவனுக்குக் கேட்காது. ஊரோடு ஒத்து வாழ் என்று கையைத் தூக்கினான்.

பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரம்ஸ்காரன்தான் முகத்துக்கு நேராக வந்து நின்று கத்தினான்; கத்திய கத்தலில் உதட்டசைவு பிடிபட்டது.

“உங்கள நீக்க நீங்களே ஏண்ணா கை தூக்குனீங்க? நான் உங்களுக்காகத்தான தூக்காம இருந்தேன்! ரெண்டுக்கு ரெண்டு நின்னிருக்குமே!”

தன் கையே தனக்கு உதவி என்பார்கள். உதவிய லட்சணம் இது. ‘எனக்குக் கேக்கலப்பா’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் குட்டு உடையும். அதைவிட, உன்னை நீக்கத்தான் தூக்கினேன் என்று இவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“சட்டம்னா சட்டம்தானே” என்றான்.

கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். தாங்க முடியவில்லை. செல்போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினான். அவன் எடுத்துப் பேசினாலும் இனி காதில் விழாது என்பது அப்புறம்தான் உறைத்தது.