ஒரகடம் ரோட்டில் ஓடிய சிப்பாய்

2019 மார்ச்சில் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு சிப்பாய் ஓட ஆரம்பித்தார். அவர் இறந்து அப்போது இருநூற்று முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. சிவப்புக் கோட்டு, வெறுங்கால், தோளில் துப்பாக்கி. பிள்ளைப்பாக்கம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய், பெங்களூர் நெடுஞ்சாலையில் திரும்பி, இருங்காட்டுக்கோட்டையில் மறைந்துவிடுவார். எப்படியும் இருபது கிலோமீட்டர் இருக்கும். முதல் நாள் டீக்கடை மாரி, "இன்னாபா, ஷூட்டிங்கா?" என்று கேட்டார். இரண்டாம் மாதம் அவரும் கேட்கவில்லை. ஷிப்டுக்கு லேட்டாகி இந்த ரோட்டில் ஓடாதவர் யார்?

பிள்ளைப்பாக்கம் ரஞ்சனி ஒரு கல்லூரியில் வரலாற்று உதவிப் பேராசிரியர். அவருடைய ஆராய்ச்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைப் பற்றியது. "எம் பொண்ணு கம்பெனியப் பத்தி எழுதினுகீது" என்று அம்மா செங்கமலம் சொன்னால் எந்த ஷிப்ட் என்று கேட்கிற ஊர் இது. ரஞ்சனி எழுதிய பதினோரு கட்டுரைகளில் பத்தைச் சீந்துவாரில்லை. 1780 புள்ளலூர்ப் போரில் ஓடிப்போன சிப்பாய்களைப் பற்றிய பதினோராவதை மட்டும் உலகமெங்கும் மேற்கோள் காட்டினார்கள்.

2022 ஜூலையில் ரஞ்சனி கூட்டுரோடு சிக்னலில் ஸ்கூட்டியோடு நின்றார். எடின்பரோவில் யாரோ அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருப்பதாகப் போனில் செய்தி வந்தது. அதே நொடியில் சிப்பாய் அவரைத் தாண்டி ஓடினார். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. வரலாற்றுக்காரர் ஆயிற்றே, பயப்படாமல் ஆவணம் தேடினார். மூலையிலிருந்த உதிரிபாகக் கம்பெனியின் கேட்டில் உச்சிமாகாளி என்ற திருநெல்வேலிக்காரர் செக்யூரிட்டி. ரோட்டில் போகிற எதையும் நோட்டில் நேரத்தோடு குறிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த நோட்டில் சிப்பாய் நாற்பத்தொரு முறை ஓடியிருந்தார். கட்டுரைக்கு மேற்கோளும் நாற்பத்தொன்று. தேதிகள் அப்படியே பொருந்தின. ஊரடங்கு வருஷத்தில்தான் அதிகம், பாவம். உலகமே வீட்டில் உட்கார்ந்து கட்டுரை எழுதிய வருஷம் அது.

அதே நோட்டில் காவலர்கள் பெயருக்கு எதிரே ஆங்கில ‘டி’ இருந்தது. என்னவென்று கேட்டார் ரஞ்சனி.

"டியூட்டி மேடம். ஆளு எடத்துல நிக்கான்னு அர்த்தம். கடைசிப் பக்கத்துல எல்லாத்துக்கும் வெளக்கம் எழுதிருக்கேம்லா."

கடைசிப் பக்கம் என்றதும் ரஞ்சனிக்குத் தான் பார்க்காத ஒரு கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. கட்டுரைக்காகச் சென்னை ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் படைப்பதிவேட்டைப் படமெடுத்தபோது, வெறும் கையெழுத்துதானே என்று கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டார். அப்பாவு என்ற சிப்பாய்க்கு எதிரே இருந்த ‘டி’யை ஓடிப்போனவன் என்று படித்தார். கட்டுரை முழுக்க அந்த அப்பாவுவின் ஓட்டம்தான்.

சிப்பாய் அடுத்த முறை ஓடியபோது ரஞ்சனி ஸ்கூட்டியை அவர் பக்கத்திலேயே ஓட்டினார். "ஏங்க இப்படி ஓடினே கீறீங்க?" பதற்றத்தில் கல்லூரிப் பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"நீ எழுதிட்டியேம்மா. நா ஓடல. எல்லாரும் ஓடினாங்க, நா நின்னேன். நின்ன எடத்துலயே செத்தேன்." உள்ளங்கால் பிளந்து தாரில் ரத்தம் ஒட்டியிருந்தது.

வாய்மொழி போதாது என்று ரஞ்சனி சென்னைக்குப் போய்க் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். ‘டி’ என்றால் செத்தவன். ஓடியவனுக்கு ‘ஆர்’, அதாவது ‘ரன்’. ஆங்கிலத்தில் செத்தவன் ‘டெட்’, ஓடிப்போனவன் ‘டெஸர்ட்டர்’ என்று முதலெழுத்து ஒன்றாக வருவதற்கு அப்பாவு என்ன செய்வார்?

இணைப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் அடுத்த வருஷம் ஜூனில். அதற்குக் குறைந்தது நாற்பது மேற்கோள் வேண்டும். ரஞ்சனியிடம் இருந்ததெல்லாம் இந்தக் கட்டுரையுடையவை. கல்லூரி முதல்வர் பரசுராமன், "ஒரே ஒரு எழுத்துக்காகவா மேடம்? ஜூன் தாண்டட்டும், அப்புறம் திருத்திக்கலாம்" என்றார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பதினாலு வருஷ உதவிப் பேராசிரியை தயங்கினார், நாமானாலும் தயங்கியிருப்போம். அந்தத் தயக்கத்துக்குள் அப்பாவு ஒன்பது முறை ஓடினார். ஒன்பதாவது முறை பிள்ளைப்பாக்கத்தில் ரஞ்சனி வீட்டு வாசலிலேயே தடுக்கி விழுந்தார். செங்கமலம் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து மறுபடியும் ஓடினார். மறுநாள் காலை ரஞ்சனி கட்டுரையைத் திரும்பப் பெற்று, அப்பாவு ஓடவில்லை என்று இரண்டு பக்கத் திருத்தம் வெளியிட்டார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. ரஞ்சனி இரண்டு நாள் அழுதார், மூன்றாம் நாள் வகுப்புக்குப் போனார்.

அப்பாவு இப்போது கூட்டுரோட்டில் உச்சிமாகாளியின் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அவருக்கு இடம் விட்டு நிற்கிறார்கள். திருத்தத்தை இதுவரை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. பழைய கட்டுரையைப் படிக்காமலே காட்டுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருவர் இருவர் இருக்கிறார்கள். அன்றைக்கு அப்பாவு இருங்காட்டுக்கோட்டை வரை ஓட வேண்டியிருக்கிறது. "எவனோ படிக்காம எழுதிட்டான்" என்கிறார் மாரி. ஓடி முடித்ததும் அப்பாவு ஷிப்ட் பஸ்ஸில் ஏறி வந்து, பழைய இடத்தில் நிற்கிறார். உச்சிமாகாளி நோட்டைத் திறந்து அவர் பெயருக்கு எதிரே ‘டி’ போடுகிறார்.